நிம்மதியா குந்த ஒரு பார்

எங்கள் பக்கம் ஒரு பாரைப் பற்றி விசாரித்தால் யாரும் சரக்கைப் பற்றிப் பேச மாட்டார்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் சரக்கு ஒன்றுதான். "அங்க பிரச்சன இல்லபா, நிம்மதியா குந்தலாம்" என்று ஒருவர் சொன்னால் அதுதான் அந்த பாருக்குக் கிடைக்கும் பெரிய சர்டிபிகேட். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, மூலக்கடை என்று இந்த வடசென்னைப் பக்கத்து பார்களில் பல வருடமாக உட்கார்ந்து எழுந்தவன் நான். அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது, எதனால் கெடுகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏற்கெனவே போகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க ஒரு காரணமும் கிடையாது. 21 வயது ஆகாதவர்களைச் சட்டமே உள்ளே விடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு கம்மியாகக் குடித்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார முடிகிறதோ, அந்த அளவுக்கு அது நல்ல பார்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை செய்கிறேன். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னருக்கு கஸ்டம்ஸ் பேப்பர் போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை. காலையில் காதுக்குப் போகும் போன் சாயங்காலம் வரை இறங்காது. இந்தப் பக்கம் பார்ட்டி கத்துவார், அந்தப் பக்கம் லாரி டிரைவர் சாப்பிடாமல் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டு கத்துவார். ஃப்ரீ டைம் முடிந்துவிட்டால் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏற ஆரம்பிக்கும், அதற்கும் நம்மைத்தான் கேட்பார்கள். வீடு தண்டையார்பேட்டையில். ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். பிள்ளைகள் படிக்கிற நேரத்துக்கு நான் உள்ளே நுழைந்தால், ஒன்று அவர்கள் புத்தகத்தை மூட வேண்டும், அல்லது நான் வாசற்படியில் உட்கார வேண்டும்.

வடசென்னை ஆண்கள் ஏன் இவ்வளவு நேரம் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் எங்கள் வீடுகளை வந்து பார்க்க வேண்டும். லைன் வீடு, ஹவுசிங் போர்டு வீடு, ஒரு அறைக்குள் மூன்று தலைமுறை. அதனால்தான் இங்கே தெருவுக்குத் தெரு கேரம் கிளப்பும் ஃபுட்பால் டீமும் உண்டு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கி வந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். ஆனால் கேரம் கிளப்புக்குப் போனால் ஆட வேண்டும். டீக்கடையில் நிற்க வேண்டும், டீ முடிந்தால் நகர வேண்டும். பத்து மணி நேரம் பேசி முடித்தவனுக்கு எதுவும் செய்யாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் உட்கார ஒரு நாற்காலி தேவைப்படுகிறது. எங்கள் பேட்டையில் அந்த நாற்காலி பெரும்பாலும் பாரில்தான் கிடைக்கிறது.

என் மனைவிக்கு அந்த நாற்காலி எங்கேயும் இல்லை. இதைச் சொல்லாமல் பாரின் சுகத்தைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகப் படவில்லை. நான் பாருக்குப் போகிற வாரத்தில் இன்னொரு சாயங்காலம் சமையலும் பிள்ளைகளும் என் பொறுப்பு. அவள் தன் அக்காவோடு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அவளுக்குத் தோன்றும்போது வருவாள். எப்போ வருவே என்று போன் பண்ணிக் கேட்க மாட்டேன். இந்த ஏற்பாடு வந்த பிறகு, பாரில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டை நினைத்து மனசு உறுத்துவது எனக்கு வெகுவாகக் குறைந்தது. நிம்மதிக்கான முதல் வேலை பாருக்கு வெளியே, வீட்டிலேயே இருக்கிறது.

இனி பாருக்குள் போவோம். பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். டாஸ்மாக் 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக ஆரம்பித்தது. சில்லறை விற்பனை முழுவதையும் அரசு கையில் எடுத்தது 2003 நவம்பரில். கடை அரசுடையது, அதை ஒட்டியிருக்கும் பார் டெண்டர் எடுத்த தனியாருடையது. அந்த டெண்டரே தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் எடுக்கவும்தான் விடப்படுகிறது. அதற்காக அவர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். நீங்கள் கடையில் கொடுத்து வாங்கும் பாட்டிலின் விலையில் பார்காரருக்குப் பங்கு இல்லை. அவருக்கு வருமானம் சுண்டலிலும் ஆம்லெட்டிலும் இருக்கிறது.

இது புரிந்தால் பாரின் குணம் பாதி புரிந்துவிடும். சைடு டிஷ்தான் நாம் நாற்காலிக்குக் கொடுக்கும் வாடகை. அதை வசூலிக்க இரண்டு வழி உண்டு. ஒருவர் டேபிளைக் காலி பண்ண வைத்தே சம்பாதிப்பார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் பையன் வந்து நிற்பான், "இன்னா சார், வேற இன்னா?" என்று. பாட்டில் காலியாகும் முன்பே கை நீளும். அந்த அவசரம் நமக்கும் தொற்றிக்கொண்டு, அரை மணி நேரத்தில் குடிக்க வேண்டியதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்து வருவோம். இன்னொருவர் சமையலை நம்புவார். சாப்பாடு நன்றாக இருந்தால் ஆள் தானாக இரண்டாவது பிளேட் சொல்வான், நாளைக்கும் வருவான் என்று அவருக்குத் தெரியும். அங்கே யாரும் வந்து நிற்க மாட்டார்கள். உள்ளே போனதும் ஒரு நல்ல பிளேட்டாகச் சொல்லிவிடுவது என் வழக்கம். பத்து ரூபாய்க் கடலையோடு இரண்டு மணி நேரம் இடத்தைப் பிடித்து வைத்தால் பையன்கள் முறைப்பதில் தப்பில்லை.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் வழக்கமாகப் போகும் பாரில் அடுப்படி பின்பக்கம், கதவு கிடையாது. நடுத்தர வயது மாஸ்டர் ஒருவர். காசிமேட்டிலிருந்து வந்த நெத்திலியைத் தலை கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் அரிசி மாவு போட்டுப் பிசறி மூடி வைத்திருப்பார். ஆர்டர் வந்த பிறகுதான் ஒரு கைப்பிடி எடுத்து எண்ணெயில் தூவுவார். மொத்தமாகக் கொட்ட மாட்டார், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சடசடப்பு அடங்குகிற நேரம் பார்த்து ஒரு கொத்து கறிவேப்பிலை. வாரிக்கொண்டு வந்து வைக்கும்போது முள்ளே தெரியாமல் முறுமுறுவென்று இருக்கும். பக்கத்தில் வெங்காயம், பாதி எலுமிச்சம்பழம். அந்த ஒரு பிளேட்டை நானும் நண்பனும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் கை கிளாஸ் பக்கம் அதிகம் போகாது.

அடுப்படி கண்ணுக்குத் தெரிகிற பாரையே தேர்ந்தெடுங்கள். எண்ணெய் கறுத்திருந்தாலோ, போட்டது வெந்த பிறகும் நுரை அடங்காமல் பொங்கிக்கொண்டே இருந்தாலோ அது பலமுறை காய்ந்த எண்ணெய். அங்கே அவித்த முட்டையோ சுண்டலோ வெள்ளரிக்காயோ வாங்கிக்கொள்வது உத்தமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சின்ன ஃபைபர் போட்டில் வருவதுதான் மீன். அந்தச் சமயத்தில் எங்கள் மாஸ்டர், "மீனு வேணா சார், ஐஸ்ல கெடந்தது. ஆட்டுக் கொடலு போட்டி பண்ணிருக்கேன், அத்த சாப்டு" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். விற்கிற மீனையே வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் இருக்கிற இடத்தில் மற்ற விஷயங்களும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும் என்பது என் அனுபவம்.

உப்பு ஒரு முக்கியமான சமாசாரம். ஊறுகாய், சிப்ஸ், மசாலா அப்பிய கடலை எல்லாம் தாகத்தைக் கூட்டும், தாகம் கிளாஸைத் தூக்க வைக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் நிதானமாக ஏறும். அதனால் நான் ஆபீஸிலிருந்து நேராகப் போவதில்லை. மண்ணடியில் இறங்கி ஒரு பிளேட் அத்தோ, கூட இரண்டு பேஜோ முட்டை சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸும் முட்டையும் வயிற்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

நேரம். 2016-லிருந்து கடை மதியம் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. ஒரே பார், ஒரே நாளில், நேரத்துக்கு நேரம் வேறு வேறு இடம். திறந்த உடனே வருகிற கூட்டத்தில் கை நடுக்கத்தை அடக்க வருகிறவர்களும் இருப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்தால் மனசு கனத்துத்தான் வரும். நாலு மணியிலிருந்து ஆறரை வரைதான் பொற்காலம். கடல் காத்து உள்ளே வரும், பாதி டேபிள் காலியாக இருக்கும், பையன்களும் மதியக் கூட்டம் முடிந்து முகம் கழுவியிருப்பார்கள். எட்டு மணிக்கு மேல் இரைச்சல். ஒன்பதுக்கு மேல் நான் உள்ளேயே போவதில்லை. பத்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லாரும் மடக் மடக்கென்று இறக்குவார்கள். சண்டைகளில் பாதி அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் பிறந்ததுதான்.

லோடுமேன்களுக்கும் கொத்தனார்களுக்கும் வாரக்கூலி வருகிற சனிக்கிழமையும், மாதச் சம்பளக்காரர்களுக்கு முதல் வாரமும் நெரிசல். காந்தி ஜெயந்தி, குடியரசு தினம், சுதந்திர தினம், மே தினம், திருவள்ளுவர் தினம் இதெல்லாம் கடை லீவு. லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு நாள் சரக்கை ஒரே நாளில் வாங்குவார்கள், தவிர்ப்பது நல்லது. அதேபோல, லீவு நாளிலும் பத்து மணிக்கு மேலும் சந்துக்குள் பிளாக்கில் விற்கிறார்கள் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சீல் உடையாத பாட்டிலை உங்கள் கையால் நீங்களே திறக்க வேண்டும். திறந்து வைத்த பாட்டிலை எந்த நண்பன் நீட்டினாலும் வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, சத்தம்தான் எனக்கு முதல் கணக்கு. எங்கள் பக்கத்து பார்கள் பலதும் தகர ஷீட் கூரை, சிமெண்ட் தரை. பேச்சு முட்டி முட்டித் திரும்பி வரும். பக்கத்து டேபிள்காரர் குரல் உயர்ந்தால் நாம் பேசுவது கேட்க நாமும் உயர்த்துவோம். பத்து நிமிஷத்தில் மொத்த ஹாலும் கத்திக்கொண்டிருக்கும், ஒருவருக்கும் கோபம் இருக்காது. ஒரு வார்த்தை தப்பாகக் காதில் விழுந்தால் போதும். மேட்ச் நாளில் டிவியை முழுச் சத்தத்தில் வைக்கிற பாருக்கு நான் போவதே இல்லை. நான் சொல்கிற பாரில் டிவி ஓடும், ஆனால் சத்தம் வைக்க மாட்டார்கள். கூரைக்கு அடியில் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறார்கள். வெயிலுக்காகப் போட்டதாம், சத்தத்தையும் அது நன்றாக அடக்குகிறது.

சுவரோரம், கழிவறைக்கும் வாசலுக்கும் தள்ளி, ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் ஓரத்தில் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் தோள் தளரவே தளராது. வெளியே போகும் வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடி டம்ளரா என்று பாருங்கள். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை, அதை மதிக்கிற இடம் கழுவுகிற இடமாகவும் இருக்கும். கழிவறையை முதலில் போய்ப் பார்த்துவிட்டு ஆர்டர் சொல்லுங்கள்.

ஆனால் கூரையும் ஃபேனும் எப்படி இருந்தாலும், ஒரு பாரின் நிம்மதி கடைசியில் ஒரு ஆளைப் பொறுத்தது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன். அவர் எப்படிப்பட்டவர் என்பதை ஒரு சாயங்காலம் நேரில் பார்த்தேன். பக்கத்து டேபிளில் ஒரு இளைஞன், தனியாக. எதிர் வரிசையில் நாலு பேர். அவர்களில் ஒருவன் இவனைப் பார்த்துச் சிரித்துவிட்டானாம். இவன் கிளாஸை மேஜையில் வைத்த சத்தத்திலேயே எல்லாரும் திரும்பினோம். அண்ணன் கல்லாவை விட்டு எழுந்தார். நேராக அவனிடம் போகவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு ஆம்லெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, சாப்டியா?"

"எனக்கு ஒண்ணும் வேணாண்ணே. அவன் இன்னாத்துக்கு சிரிச்சான், அத்த கேளு."

"கேக்கலாம். மொதல்ல இத்த துன்னு. அவனும் எங்கயும் போமாட்டான், நானும் எங்கயும் போமாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆம்லெட்டைப் பிய்க்க ஆரம்பித்தான். அதற்குள் அண்ணன் கண்ணைக் காட்ட, பையன் அந்த நாலு பேரிடம் போய், மூலையில் நல்ல டேபிள் காலியாகியிருக்கு, அங்கே போங்க என்று பாட்டில், பிளேட்டோடு தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டான். இரண்டு தரப்புக்கும் தோற்றோம் என்ற எண்ணம் வரவில்லை. ஒருவரையும் திட்டவில்லை, வெளியே தள்ளவில்லை. பிறகு அந்த இளைஞனுக்கு அன்றைக்கு வேலை போயிருந்தது என்று தெரிந்தது. ஆம்லெட்டுக்கு அண்ணன் காசு வாங்கவில்லை. வாசலில் இரண்டு தடியர்களை நிறுத்தி வைத்திருக்கும் பார்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே சண்டை வந்த பிறகு அடக்குவார்கள். இவர் சண்டை வருவதற்கு முன்னால் எழுந்திருப்பவர். அவர் கல்லாவில் இல்லாத நாளில் நான் சீக்கிரமே கிளம்பிவிடுவேன்.

டேபிள் துடைக்கும் தம்பிகளைப் பற்றி ஒன்று. இப்போது பல பேர் ஒடிசா, பீகார், அசாம் பக்கத்துப் பிள்ளைகள். மதியம் 12-லிருந்து இரவு வரை காலில் நிற்கிறார்கள். சொடக்குப் போட்டுக் கூப்பிடுவது, "டேய்" என்பது, இந்தி தெரியாது என்று காட்டக் கத்துவது, இதெல்லாம் அந்த டேபிளின் காற்றையே கெடுக்கும். பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு, "தம்பி, அவசரம் இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு அவனே உங்களுக்கு ஓரத்து டேபிளைப் பிடித்து வைப்பான்.

கூட யார் என்பது அடுத்தது. பெரிய குரூப்பில் போனால் ஒருவர் ஒரு ரவுண்டு வாங்குவார், அடுத்தவருக்கு மானப் பிரச்சினை, அவர் ஒரு ரவுண்டு வாங்குவார். ஆறு பேர் போனால் ஆறு ரவுண்டு. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியே அங்கே எழாது. இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர். என் நண்பன் ஒருவன் குடிப்பதை விட்டவன்; அவனுக்கு கோலி சோடா, எனக்கு ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி. அவனை "ஒரே ஒரு பெக் மச்சான்" என்று யாராவது சீண்டினால் அந்த ஆளோடு அடுத்த முறை உட்கார மாட்டேன். கைமாற்று, சீட்டுப் பணம், சொத்துப் பங்கு, கட்சி, இந்த நாலையும் அந்த மேஜையில் எடுப்பதில்லை என்று எங்களுக்குள் பேச்சு.

கூட்டமான நாளில் முன்பின் தெரியாதவர் வந்து, "இங்க குந்திக்கலாமா?" என்று கேட்பார். நான் மறுப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்த சமயம் அது. எண்ணூர்ப் பக்கத்து மீனவர்கள் இரண்டு பேர் எங்கள் டேபிளில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவருடைய நகக்கண் முழுக்கக் கறுப்பு. வலையைக் காட்டுவதற்குப் போனை நீட்டினார். தார் பூசியதைப் போல இருந்தது. போட்டும் அப்படித்தான். கழுவினாலும் போகாது, வலையைத் தூக்கித்தான் போடணும் என்றார். நாங்கள் ஆறுதலும் சொல்லவில்லை, யோசனையும் சொல்லவில்லை. அவர் பேசினார், கேட்டுக்கொண்டிருந்தோம். எழும்போது, "வூட்ல இத்தலாம் சொல்ல முடிலபா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் குவார்ட்டரில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

இப்போது அளவு. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 8-லிருந்து 10 கிராம்தான் கரைக்கும். ஆக, ஒருவர் தனியாக ஒரு குவார்ட்டர் அடித்தால் அது முழுவதும் உடம்பை விட்டுப் போக ஆறிலிருந்து எட்டு மணி நேரம். எலுமிச்சம்பழம், மோர், குளியல், எதுவும் இதை வேகப்படுத்தாது. "நான் பீர்தானே சாப்பிட்டேன்" என்பவர்களுக்கும் கணக்கு உண்டு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி இருக்கிறது, குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்று சொல்லிவிட்டது. அது தெரிந்தேதான் நான் 90 மில்லியில் நிற்கிறேன். அந்த 90-ஐயும் சாதாரணத் தண்ணீர் நிறைய ஊற்றி இரண்டு மணி நேரம் ஓட்டுவேன். சோடா கலந்தால் சீக்கிரம் ஏறுகிறது. ஒரு கிளாஸ் சரக்குக்கு ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர். குடித்தால் சிறுநீர் அதிகம் போய் உடம்பு வறளும், காலைத் தலைவலிக்கு அது ஒரு பெரிய காரணம்.

தூக்கம் வரும் என்று குடிப்பவர்களுக்கு: கண் சீக்கிரம் சொருகும், ஆனால் பின்னிரவில் விழிப்புத் தட்டும், ஆழ்ந்த ஓய்வு கிடைக்காது. சாயங்காலமே முடித்துக்கொள்வதில் இதுவும் ஒரு லாபம். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். தலைவலிக்கு என்று அன்றைக்கே பாராசிட்டமால் போடுவதையும் தவிருங்கள்.

வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே டூ வீலர் ஓட்டுவது தெளிவாக இருப்பவனுக்கே கஷ்டம். என் தொழிலில் அந்த லாரி டிரைவர்களைத் தினமும் பார்க்கிறேன். பக்கத்தில் புகுந்து வரும் பைக் அவர்கள் கண்ணாடியில் தெரியவே தெரியாது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு எங்களுக்கு இந்தக் கவலை பாதியாகக் குறைந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் பாராகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நடையே உங்கள் நிலை என்ன என்பதைச் சொல்லிவிடும்.

சில நாள்களில் நான் அந்தப் பக்கமே போவதில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாள், ஆபீஸில் அவமானப்பட்ட நாள், சாவு வீட்டுக்குப் போய்வந்த நாள். ஆறிய மனசோடு போனால் ஓய்வு கிடைக்கும்; கொதிக்கிற மனசோடு போனால் கொதிப்பு கூடும். அந்த நாள்களில் காசிமேடு பக்கம் கடலோரமாக நடந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

கூட இருந்தவர்கள் சிலர் ஓய்வுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் தேடுவது, கை நடுங்குவது, கடை திறக்கும் முன்பே போய் நிற்பது, தனியாகப் போக ஆரம்பிப்பது, வீட்டில் அளவைக் குறைத்துச் சொல்வது. இதில் எது தெரிந்தாலும் பாரை மாற்றுவது தீர்வாகாது, வைத்தியம் வேண்டும். ரொம்ப நாள் தினமும் குடித்தவர் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். அங்கே கூட்டிப்போக ஒரு ஆள் தேவைப்படும். பாரில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான் அந்த ஆளாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒருவரை நாங்கள் அப்படிக் கூட்டிப்போனோம். கோலி சோடா குடிக்கிற நண்பன் அவன்தான்.

புதுசாக ஒரு பாரைச் சோதிக்க வேண்டும் என்றால் வார நாளில் நாலரை மணிக்குப் போங்கள். சரக்கு வாங்க வேண்டாம். ஒரு சோடா, ஒரு பிளேட் சுண்டல் மட்டும் சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். டேபிளைத் துடைத்தார்களா, சுண்டல் சூடாக வந்ததா, கல்லாவில் இருப்பவர் ஹாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். சோடாவுக்கே முகத்தைச் சுளித்தார்கள் என்றால் காசைக் கொடுத்துவிட்டு வேறு பார் பாருங்கள்.